மனக்காட்சிப் பயிற்சி

ஒரு விளையாட்டு வீரர் தாம் ஆடவேண்டிய ஆட்டத்தை உடலை அசைக்காமலே, அதன் காட்சி, ஓசை, தசையின் இழுப்பு, நெஞ்சின் படபடப்பு எல்லாவற்றோடும் மனத்துக்குள் நிகழ்த்திப் பழகுவது மனக்காட்சிப் பயிற்சி. போட்டி நாளில் முழுத்திறனையும் வெளிக்கொணர உதவும் உளவியல் முறைகளுள் இது முதன்மையான ஒன்று. தளர்வுப் பயிற்சி, மூச்சுக் கட்டுப்பாடு, தனக்குத்தானே பேசிக்கொள்ளுதல் ஆகியன இதற்குத் துணையாகக் கற்பிக்கப்படுகின்றன.

ஓர் அசைவைப் பற்றிய எண்ணமே தசையை இயக்கவல்லது என்று 1852இல் எழுதியவர் ஆங்கிலேய உடலியலாளர் வில்லியம் கார்ப்பென்டர். அதைக் கருவியில் பதிந்து காட்டியவர் சிகாகோவின் எட்மண்ட் ஜேக்கப்சன். 1930களின் தொடக்கத்தில் அவர், உடல் தளர்ந்து படுத்திருந்தவர்களின் மேற்கையில் மின்முனைகளைப் பொருத்தி, கையை மடக்குவதாக நினைக்கச் சொன்னார். கை மடங்கவில்லை, ஆனால் அதை மடக்கும் தசையில் மட்டும் நுண்ணிய மின்துடிப்பு தோன்றியது. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை 1929லேயே நூலாக்கியவரும் இவரே. இன்றைய மனப்பயிற்சியின் அடித்தளங்களுள் இவருடைய இவ்விரு பணிகளும் அடங்கும்.

இதே காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் 1925இல் விளையாட்டு ஆய்வகம் ஒன்றை அமைத்தார். பயிற்றுநர்களுக்கான உளவியல் நூலை 1926இலும், வீரர்களுக்கான நூலை 1928இலும் வெளியிட்டார். ஆய்வகம் 1932இல் மூடப்பட்டது. 1938இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி அவரை அமர்த்தியது. ஆனால் அவருடைய யோசனைகளை அணியின் மேலாளர் ஏற்கவில்லை. 

ஜேக்கப்சனின் தளர்வையும் மனக்காட்சியையும் இணைத்தவர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் சுயின். முதலில் உடல் முழுதும் தளர வேண்டும், பிறகே காட்சி. 1970களில் பனிச்சறுக்கு வீரர்களிடம் இதைக் கையாண்டார். மனத்துக்குள் மலைச்சரிவில் இறங்கிய வீரரின் கால் தசைகளில், பாதையின் வளைவு மேடுகளுக்கு ஏற்ப மின்துடிப்பு எழுந்து தாழ்ந்ததைப் பதிவு செய்தார். 1976 இன்ஸ்பிரக் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியுடன் அவரும் சென்றார்.

பயன் தசையில் விளைவதா, மூளையில் விளைவதா என்பதில் இரு கொள்கைகள் உண்டு. அசைவின் வரிசை மூளையில் பதிவதே காரணம் என்கிறது பின்னது. 1934இல் சாக்கெட் என்பவர் வழிப்புதிர்களைக் கொண்டு நடத்திய சோதனை இதற்கு வழிகாட்டியது. டெபோரா ஃபெல்ட்ஸும் டேனியல் லேண்டர்ஸும் 1983இல் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், வெறும் வலிமை வேண்டும் செயல்களைவிடச் சிந்தனை கலந்த செயல்களிலேயே பலன் கூடுதலாக இருந்தது. பயிற்சியே இல்லாமல் இருப்பதைவிட மனப்பயிற்சி மேல். எனினும் களப்பயிற்சிக்கு அது ஈடாகாது. இரண்டும் சேர்ந்தால் நல்ல பலன் கிடைக்கும்.

ஹோம்ஸ், காலின்ஸ் ஆகிய இருவர் 2001இல் வகுத்த முறைப்படி, வீரர் ஆட்ட உடையில், மட்டையையோ துப்பாக்கியையோ கையில் ஏந்தி, களத்திலேயே நின்று, உண்மை ஆட்டத்தின் வேகத்திலேயே காட்சியை ஓட்ட வேண்டும். 

இப்போது பெரிய அணிகள் பலவும் மனப்பயிற்சியாளர்களை வைத்துள்ளன. சென்னையின் டி. குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றபோது, அவருடைய மனப்பயிற்சியாளராக இருந்தவர் தென்னாப்பிரிக்கரான பேடி அப்டன்.