ஆதி உணவுக்குப் பெயர் வைத்த கதை

தானியம், பருப்பு, சர்க்கரை, ஆலையில் பிழிந்த எண்ணெய் இவற்றை விலக்கிவிட்டு இறைச்சி, மீன், முட்டை, காய்கனி, கொட்டை வகைகளை உண்ணும் முறை இன்று உலகெங்கும் பேலியோ என்றே அறியப்படுகிறது. அந்தப் பெயர் நிலைபெற்றது 2002க்குப் பிறகுதான். அதற்கு முன்னும் பின்னுமாகக் கற்கால உணவு, பழங்கற்கால ஊட்டம், பிரைமல், ஆர்க்கிவோர், முன்னோர் வழி உணவு என்று அதற்குப் பல பெயர்கள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதை வெறும் விளம்பர வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. பெயர் மாறிய ஒவ்வொரு சமயத்திலும் எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்ற விதியும் மாறியிருக்கிறது. பெரும்பாலும் விதி முதலில் தளரும். அதற்கேற்ற பெயரைப் பிறகு தேடுவார்கள்.

கற்காலம் இந்தக் கதைக்குள் வருமுன், இதையொத்த உணவுமுறைகளுக்கு ஆள் பெயரே போதுமானதாக இருந்தது. லண்டனில் இறுதிச் சடங்குகளை ஏற்று நடத்தும் தொழிலில் இருந்த வில்லியம் பான்டிங், தம் மருத்துவர் வில்லியம் ஹார்வி சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டு உடல் இளைத்தார். 1863இல் அந்த அனுபவத்தைச் சிறு நூலாக அச்சிட்டார். நூல் பரவிய வேகத்தில் ஆங்கிலத்தில் அவர் பெயரே வினைச்சொல்லாயிற்று. சுவீடிஷ் மொழியில் உடல் இளைக்க உணவைக் குறைப்பதற்கு இன்றும் ‘பான்டா’ என்றுதான் சொல்கிறார்கள். வைத்தியம் செய்த ஹார்வியின் பெயர் எந்த மொழியிலும் வினைச்சொல்லாகவில்லை. தென்னாப்பிரிக்காவில் டிம் நோக்ஸ் 2013இல் இதே வகை உணவை மீண்டும் பரப்பியபோது, 150 ஆண்டு பழைய அந்தப் பெயரையே தூசு தட்டி எடுத்துக்கொண்டார்.

அதே 1863ஆம் ஆண்டு மே 30 அன்று, சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் செம்புறைக் கல் சரளையிலிருந்து மனிதக் கை செதுக்கிய கல் ஒன்றை எடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழங்கற்காலக் கருவி அது. ஆனால் ஃபூட் அதைக் கையில் எடுத்த நாளில் ‘பேலியோலித்திக்’ என்ற சொல் கிடையாது. கற்காலத்தைப் பழையது, புதியது என இரண்டாகப் பிரித்து ஜான் லபக் அந்தச் சொல்லை உருவாக்கியது 1865இல். அவர் பிரித்தது கருவிகள் செய்யப்பட்ட விதத்தைப் பார்த்து. உடைத்துச் செதுக்கியவை பழையன, தீட்டி வழுவழுப்பாக்கியவை புதியன. அந்தப் பிரிவினையில் உணவுக்கு இடமே இல்லை. கல்லைச் செதுக்கும் முறைக்கு வைத்த பெயர் பிற்காலத்தில் சமையலறைக்கு வந்து சேர்ந்ததால், அதன் எல்லை எது என்பதில் தொடக்கத்திலிருந்தே தகராறு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழிகாட்டியாகக் காட்டப்பட்டவர்கள் ஆதி மனிதர்கள் அல்லர். அன்று உயிரோடிருந்த பழங்குடி மக்கள்தான். வடதுருவப் பகுதியில் இன்யூட் மக்களோடு வாழ்ந்து திரும்பிய வில்ஹால்மர் ஸ்டெஃபான்சன், வெறும் இறைச்சியை உண்டு நலமாக வாழ முடியும் என்று எழுதினார். யாரும் நம்பாததால் 1928இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை மருத்துவர்களின் மேற்பார்வையில் அவரும் கார்ஸ்டன் ஆண்டர்சன் என்ற தோழரும் ஓராண்டு காலம் இறைச்சியும் கொழுப்பும் மட்டுமே உண்டார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ், ஆல்ப்ஸ் மலைக் கிராமங்கள் முதல் பசிபிக் தீவுகள் வரை சுற்றிப் பல்லையும் தாடையையும் ஆராய்ந்து 1939இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இருவருமே தாங்கள் பரிந்துரைத்த உணவுக்குத் தனிப்பெயர் சூட்ட மெனக்கெடவில்லை.

‘கற்கால உணவு’ என்ற பெயரைத் தலைப்பாகவே வைத்தவர் வால்டர் வோக்ட்லின். குடல் மருத்துவரான அவர் 1975இல் தம் செலவில் அச்சிட்ட நூலில் மனிதக் குடலை நாயின் குடலோடும் ஆட்டின் குடலோடும் ஒப்பிட்டு, மனிதன் அடிப்படையில் ஊன் உண்ணி என்று வாதிட்டார். நூல் எடுபடவில்லை. விலங்குக் கொழுப்பைக் கண்டால் மருத்துவ உலகம் அஞ்சிய காலம் அது. பெயரும் கைகொடுக்கவில்லை, ‘கற்காலம்’ என்றால் படிப்பவர் கண்முன் வருவது மூர்க்கமும் அறியாமையும்தானே தவிர ஆரோக்கியம் அல்ல.

பெயருக்குக் கல்விப்புல மதிப்பு கிடைத்தது 1985 ஜனவரியில். அட்லாண்டாவின் கதிரியக்க மருத்துவர் பாய்ட் ஈட்டனும் மானிடவியலாளர் மெல்வின் கானரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் பழங்கற்கால ஊட்டம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். பழங்கற்கால மனிதரின் உணவில் சுமார் 35 சதவீதம் இறைச்சி, 65 சதவீதம் தாவரம் என்பது அவர்களின் மதிப்பீடு. நம் மரபணு அந்தக் காலத்திலிருந்து அதிகம் மாறவில்லை, உணவு மட்டும் தலைகீழாக மாறிவிட்டது, நீரிழிவும் இதய நோயும் அந்தப் பொருத்தமின்மையின் விளைவு என்பது வாதம். கருத்து வோக்ட்லினுடையதற்கு வெகுதூரத்தில் இல்லை. ஆனால் கற்காலம் என்ற நாட்டு வழக்கு போய் அதன் கிரேக்க வடிவம் வந்தது. குகைவாசி வெளியேறி ஆய்வாளர் உள்ளே வந்தார்.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. 1988இல் இருவரும் மார்ஜரி ஷோஸ்டாக்குடன் சேர்ந்து பொதுவாசகருக்கு எழுதிய நூல் முழுத்தானிய ரொட்டி, தவிட்டரிசி, கொழுப்பு நீக்கிய பால் ஆகியவற்றைத் தடுக்கவில்லை. ஊட்டச்சத்தின் விகிதம் பழங்கற்காலத்தை ஒத்திருந்தால் போதும், பொருளும் அதே காலத்துப் பொருளாக இருக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. பின்னால் வந்தவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு இந்த நிதானத்தை விட்டுவிட்டார்கள்.

ரே ஆடெட் 1999இல் பெரிய பதிப்பகம் வழியாக வெளியிட்ட ‘நியாண்டர்தின்’ நூல், நியாண்டர்தால் மனிதனையும் மெலிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்த பெயர். ஆடையில்லாமல் கூர்மையான கழி ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எதைத் தேடிப் பெற முடியுமோ அதுவே உணவு என்பது அவர் அளவுகோல். விளையாட்டாகத் தோன்றினாலும், இந்தத் துறையில் எழுதியவர்களுள் தம் விதியை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் சிலேடைப் பெயரை மருத்துவரிடமும் மாமியாரிடமும் சொல்லி விளக்குவது கடினம்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லோரன் கார்டைன், நீண்ட கிரேக்கச் சொல்லின் முற்பகுதியை மட்டும் நறுக்கி எடுத்து 2002இல் ‘தி பேலியோ டயட்’ நூலை வெளியிட்டார். மூன்றெழுத்தில் அடங்குவதும், எந்த மொழிக்காரர் வாயிலும் நுழைவதும் அதன் பலம். தானியம், பருப்பு, பால், உருளைக்கிழங்கு, உப்பு ஆகியவற்றுக்குத் தடை. கொழுப்பு குறைந்த இறைச்சிக்கு முதலிடம். முதல் பதிப்பில் கனோலா எண்ணெய்க்கும் இடமிருந்தது. கனோலா என்பது 1970களில் கனடாவில் உருவாக்கப்பட்ட பயிர். பழங்கற்காலத்தை அடையாளமாகக் கொண்ட நூலில் இப்படியொரு பொருள் இருப்பது பெயருக்கும் விதிக்கும் உள்ள உறவைக் காட்டிக் கொடுக்கிறது. 2013இல் கூகுளில் மிக அதிகமாகத் தேடப்பட்ட உணவுமுறையாகப் பேலியோ இருந்தது.

புகழ் ஏறிய அதே ஆண்டுகளில் தொல்லியல் அந்தப் பெயரின் காலை வாரிக்கொண்டிருந்தது. மொசாம்பிக் குகையொன்றின் கற்கருவிகளில் காட்டுச் சோளத்தின் மாவுத்துகள்கள் ஒட்டியிருந்ததை 2009இல் அறிவித்தார்கள். அக்கருவிகளின் வயது ஏறக்குறைய 1,00,000 ஆண்டு. ஈராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த நியாண்டர்தால் பற்களின் காரையில் வேகவைத்த புல்தானியத்தின் தடயம் இருந்தது 2011இல் வெளிவந்தது. ஜோர்டானில் 14,400 ஆண்டுக்கு முந்திய அடுப்பிலிருந்து கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்த செய்தி 2018இல் வந்தது. அப்பகுதியில் வேளாண்மை தொடங்க இன்னும் 4,000 ஆண்டு இருந்த காலத்து ரொட்டி அது. உயிரியலாளர் மார்லின் ஸூக் 2013இல் எழுதிய நூலோ, மனித மரபணு கற்காலத்தோடு உறைந்துவிட்டது என்ற அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கியது. வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் திறன் கால்நடை வளர்ப்புக்குப் பின்னர் பரவிய மாற்றம் என்பது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. காலத்தைப் பெயரில் வைத்துக்கொண்டவர்கள் ஒவ்வோர் அகழாய்வுக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

எனவே காலம் சுட்டாத பெயர்களுக்குத் தேவை வந்தது. மார்க் சிஸ்ஸன் 2009இல் வெளியிட்ட நூலுக்குத் தேர்ந்த சொல் ‘பிரைமல்’. ஆதி என்ற சாயல் உண்டு, ஆண்டுக்கணக்கு இல்லை. அந்த இடைவெளி வழியாகக் கொழுப்புள்ள பால்பொருள்களும் கறுப்புச் சாக்லெட்டும் கொஞ்சம் ஒயினும் உள்ளே வந்தன. பின்னர் அதே சொல்லைத் தாங்கிய ‘பிரைமல் கிச்சன்’ நிறுவனத்தை கிராஃப்ட் ஹைன்ஸ் சுமார் 20 கோடி டாலருக்கு வாங்குவதாக 2018இல் அறிவித்தது. பதப்படுத்திய உணவுக்கு எதிராகக் கிளம்பிய பெயர் மயோனைஸ் குப்பியின் லேபிளாகிப் பெருநிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பெயர்த் தேர்வை வெளிப்படையாகவே ஒரு கொள்கைச் சிக்கலாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்க மருத்துவர் கர்ட் ஹாரிஸ். அவர் முதலில் பழங்கற்கால ஊட்டம் என்பதன் சுருக்கமாக ‘பாநு’ என்று வைத்திருந்தார். ஆதி மனிதர் என்ன உண்டார் என்பதைவிட, அண்மைக்கால உணவில் தீங்கு செய்வது எது என்பதே அவருக்கு முக்கியமாகப்பட்டது. கோதுமை, மிகையான ஃபிரக்டோஸ், லினோலிக் அமிலம் மிகுந்த விதை எண்ணெய் ஆகிய மூன்றையும் அவர் சுட்டினார். இந்த மூன்றும் இல்லாவிட்டால் உருளைக்கிழங்கிலும் அரிசியிலும் பெரிய குற்றமில்லை என்ற முடிவுக்கு வந்தபின், பழங்கற்காலம் என்ற பெயர் அவர் தட்டுக்குப் பொருந்தவில்லை. ‘ஆர்க்கிவோர்’ என்று புதுச்சொல் கட்டினார். அடிப்படைக் கோட்பாடுகளின்படி உண்பவர் என்று அதற்கு விளக்கம். நேர்மையான பெயர்தான், ஆனால் விளக்கம் சொன்னால்தான் புரியும் பெயர் கடைத்தெருவில் நிற்பதில்லை, இதுவும் அவரைத் தாண்டி அதிகம் பரவவில்லை.

இவற்றையெல்லாம் ஒரு குடைக்கீழ் கொண்டுவர வந்தது ‘முன்னோர்’ என்ற அடைமொழி. 2011 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கூடிய முதல் மாநாடு தன் பெயரில் பேலியோவைத் தவிர்த்து ‘முன்னோர் வழி ஆரோக்கியம்’ என்று வைத்துக்கொண்டது. இந்தச் சொல்லின் வசதி, யாருடைய முன்னோர், எத்தனை தலைமுறைக்கு முன் என்ற கேள்வியைத் திறந்துவிடுவது. இன்யூட் மக்களின் சீல் கொழுப்பும் அதில் அடங்கும். பாப்புவா நியூகினியின் கிட்டாவா தீவில் சுவீடன் மருத்துவர் ஸ்டஃபான் லின்ட்பெர்க் ஆராய்ந்த, கிழங்கும் தேங்காயும் பழமும் மீனுமாக மாவுச்சத்து நிறைந்த உணவும் அடங்கும். எல்லாம் அடங்கும் சொல்லால் ‘இதை உண்ணாதே’ என்று கண்டிப்பாகச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் குறை. அறிஞர் கூட்டத்துக்கு அது ஏற்றதாக இருந்தது. புத்தகக் கடைகளில் பேலியோவே தொடர்ந்தது.

தமிழுக்கு இந்த உணவுமுறை வந்தபோது பெயரும் அப்படியே வந்தது. நியாண்டர் செல்வன் என்ற பெயரில் எழுதுபவரின் முகநூல் குழுவும் ‘பேலியோ டயட்’ என்ற நூலும் 2010களில் அதைப் பரப்பின. ‘பேலியோவில் இருக்கிறேன்’ என்பது விரதத்தில் இருப்பதைப் போலவே கல்யாணப் பந்தியில் சொல்லக்கூடிய காரணமாயிற்று. உள்ளடக்கம் மட்டும் இங்கே வேறு. ஊறவைத்த நூறு பாதாம் ஒருவேளை உணவு. சைவர்களுக்குப் பனீரும் நெய்யும் தயிரும். கார்டைன் பாலை முற்றாக விலக்கியவர் என்பதை நினைத்தால், தமிழ்ப் பேலியோவின் சைவப் பட்டியலில் பெரும்பகுதி அவர் நூலின்படி விலக்கப்பட்ட உணவு. மாவுச்சத்தைக் குறைப்பதே இங்கே மையமாக இருந்தது; அந்த வகையில் இது கார்டைனைவிடப் பான்டிங்குக்கு நெருக்கம்.

முன்னோர் உணவு என்று தமிழாக்கியிருக்கலாமே என்றால், அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இயற்கை வேளாண்மை இயக்கத்தவரிடமிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகிய தமிழருக்கு முன்னோர் உணவு, பாரம்பரிய உணவு என்றால் தினை, சாமை, வரகு, கம்பு, கேழ்வரகு, மாப்பிள்ளைச் சம்பா. பேலியோ தள்ளிவைக்கும் தானியங்களே இங்கே முன்னோரின் அடையாளம். எதிரெதிரான இரண்டு உணவுமுறைகள் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்ள முடியாது.

அந்தத் தானியங்களுக்கும் பெயர் மாற்றம் நடந்தது, அரசாணை மூலமாக. நெல்லுக்கும் கோதுமைக்கும் கீழான தரம் என்று தொனிக்கும் ‘கோர்ஸ் சீரியல்ஸ்’ என்ற கோப்பு வழக்கை விட்டு, மத்திய வேளாண் அமைச்சகம் 2018 ஏப்ரலில் அவற்றை ‘நியூட்ரி சீரியல்ஸ்’ என்று அறிவித்தது. ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய 2023இல் மத்திய பட்ஜெட் உரை அவற்றை ‘ஸ்ரீ அன்னா’ என்று அழைத்தது. தமிழ்நாட்டுக் கடைகளும் உழவர்களும் சிறுதானியம் என்ற சொல்லையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.