வேளாண் மானியம்: பட்டா யார் பெயரில், பணம் யாருக்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் பகுதி மக்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டதில் திருச்செந்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்களில் வாழைத் தோட்டங்களும் நெல் வயல்களும் நீரில் மூழ்கின. அப்போது தமிழக அரசு, 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமடைந்த பயிர்களுக்கு நிவாரணத்தை உயர்த்தி அறிவித்தது. ஹெக்டேருக்கு நெல் உள்ளிட்ட இறவைப் பயிர்களுக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 8,500 ரூபாய். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்.

இந்த நிவாரணம் ஒரு வகை. வேளாண்மைக்கு அரசு தரும் மற்ற உதவிகளையும் பிரித்தறிந்து கொள்வது நல்லது.

உதவித்தொகை: மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வருமான வரி செலுத்துவோர், வெளிநாடு வாழ் இந்தியர், மருத்துவர், வழக்கறிஞர் போன்ற தொழில் செய்வோர் ஆகியோருக்குத் தகுதியில்லை.

மானியம்: சொட்டுநீர்ப் பாசனக் கருவிகளுக்குத் தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் தரப்படுகிறது. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி. ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. சிறு உணவுத் தொழில்களுக்கும் மத்திய அரசுத் திட்டம் உண்டு. அதில் திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் கிடைக்கும். ஆனால் அது வங்கிக் கடனோடு இணைந்தது. வட்டியிலிருந்து விலகியிருக்க விரும்புவோர் விண்ணப்பிக்கும் முன்பே இதைக் கவனிக்க வேண்டும்.

காப்பீடு: பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி தன் பங்குக் கட்டணத்தைக் குறித்த நாளுக்குள் செலுத்தியிருக்க வேண்டும். குத்தகை விவசாயிகளும் சேரலாம்.

நம் குடும்பங்களில் சிக்கல் பெரும்பாலும் பட்டாவில்தான் தொடங்குகிறது. பாட்டனார் மர்ஹூமாகிப் பல்லாண்டு ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். வாரிசுகள் சென்னையிலோ கொழும்பிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். பயிர் செய்பவரோ வாய்மொழிக் குத்தகைக்காரர். வெள்ளம் வந்தால், விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கிய அவரிடம் எந்தத் தாளும் இருக்காது.

இதற்கு வழி உண்டு. முதலில், வாரிசுச் சான்றிதழ் பெற்று, பெண்மக்களின் பங்கை விட்டுவிடாமல் பாகம் பிரித்துப் பட்டா மாற்றம் செய்யுங்கள். அடுத்து, குத்தகையை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் பயிர் செய்பவர் பெயரும் பயிரின் பெயரும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் சரியாகப் பதிவாகியுள்ளதா எனப் பாருங்கள். பயிர்ச் சேதக் கணக்கெடுப்பின்போது நில உரிமையாளர் பயிர் செய்தவரையே முன்னிறுத்த வேண்டும்.

தகுதியில்லாமல் பெறும் பணம் நிலைக்காது. 2020-ல் தமிழகத்தில் பி.எம். கிசான் பட்டியலில் சுமார் ஐந்தரை லட்சம் தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டது வெளியாகி, 110 கோடி ரூபாய் அளவிலான முறைகேடு சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போனது. கணினி மையத்தில் யாரோ 'பதிந்து தருகிறேன்' என்று சொன்னதை நம்பி ஆதாரைக் கொடுத்த ஏழைகளின் கணக்கிலிருந்தும் பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

நிலம் நம்முடையதாக இருக்கலாம். சேதமான பயிருக்கு வரும் தொகை, அந்தப் பயிரை வளர்த்தவரின் ஹக். அதை அவர் கையில் சேர்ப்பது நில உரிமையாளரிடம் உள்ள அமானிதம்.