அருவியும் விளக்கும்

கொல்லிமலை வாசலூர்பட்டிக்குச் சுற்றுலாச் செல்வோர் ஏரியில் படகேறி மகிழ்ந்து, ஆகாய கங்கையில் நீராடித் திரும்புவர். நாமோ அவ்வருவியை வேறொரு கண்கொண்டும் காணுமாறு நம் இளைஞர்களை வேண்டுகிறோம்.

நொடிக்கு 50 லிட்டர் நீர் 20 மீட்டர் உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கிச் சுழலியின்மேல் பாயுமாயின், அதில் ஏறத்தாழ 10 கிலோவாட் ஆற்றல் உண்டு. பாதி வீணானாலும் 5 கிலோவாட் மிஞ்சும். வீட்டுக்கு 100 வாட் வீதம் 50 வீடுகளுக்கு விளக்கெரியும். பேரணை வேண்டா, ஓடையின் குறுக்கே சிறு தடுப்புப் போதும். கோடையில் ஓடை மெலிந்தால் விளக்கும் மங்கும் என்பதை மறைப்பதற்கில்லை.

இந்தியாவில் நீர்மின்சாரம் சிறிய அளவிலேயே தொடங்கிற்று. 1897-இல் டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் அமைந்த நிலையத்தின் திறன் 130 கிலோவாட்தான். ஐந்தே ஆண்டுகளில் நிலை மாறியது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. அதனைப் பொறியியல் அருஞ்செயல் என்று நூல்கள் போற்றுகின்றன, உண்மைதான். ஆனால் அச்சுரங்கங்களின் ஆழத்தில் இறங்கி உழைத்தோருள் பெரும்பாலோர் வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற நம் மக்கள். ஒப்பந்தம் சுரங்க நிறுவனங்களோடு செய்யப்பட்டதேயன்றி, அவர்களுடைய தட்டிக் குடிசைகளுக்காகச் செய்யப்பட்டதன்று. இலங்கை மலையகத்திலும் இதே கதை: சிற்றாற்று நீர் தேயிலைத் தொழிற்சாலைகளின் பொறிகளைச் சுழற்றியது, கொழுந்து பறித்தவர்களின் லயன்களிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

மின்சாரம் யாருக்கு என்னும் வினாவை ஆட்சிப் பீடத்தில் வைத்தே எழுப்பியவர் அண்ணல் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த அவரிடமே மின்சாரமும் இருந்தது. மலிவும் மிகுதியுமான மின்சாரமின்றித் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை நீங்காது என்று 1943-இல் அவர் வாதிட்டார். 1944-இல் மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம் உருவானது. அரசியல் சட்டத்தை மட்டுமே அவர் பணியாக எண்ணுவோர் இதனையும் அறிதல் வேண்டும்.

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டச் சிற்றூர்களில் 1990-களில் வேறொரு வழி பிறந்தது. ஊரார் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, தாமே கால்வாய் வெட்டி, சிறு பொறிகளை நிறுவி, கட்டணமும் தாமே தண்டினர். பிற்காலத்தில் அரசின் மின்கம்பி வந்ததும் அவற்றுட் பல கைவிடப்பட்டன. எனினும் பொறியை இயக்கவும் கணக்கெழுதவும் ஊராரே கற்றுக்கொண்டனர் என்பது சிறிதன்று.

கொல்லிமலை ஓடைகளின் நீரைத் திருப்பி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை மாநில மின்துறை மேற்கொண்டது. நாம் மேலே கணக்கிட்ட சிறு பொறிகள் 4,000-க்கு அது ஈடு. அத்தகைய மின்சாரம் மாநிலத் தொகுப்பில் கலந்து எங்கும் செல்வது. ஓடையருகே வாழ்வோரின் பங்கு யாது என்று கேட்க, நீரின் அளவேனும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசலூர்பட்டிக்குச் செல்லும் மாணவர் ஒரு வாளியும் கைக்கடிகாரமும் கொண்டு செல்க. சிற்றோடை நீர் முழுவதையும் ஒரு குழாய்வழி வாளியில் விழச்செய்து, அது நிரம்பும் நொடிகளை எண்ணிக் குறித்து வருக, மாசியிலும் ஐப்பசியிலும்.