நீர்வழியும் குருதிவழியும்: காமாலை நோய் ஆராய்ச்சியின் வரலாறு

கண்ணும் மேனியும் மஞ்சள் நிறம் பெறும் நோயைக் காமாலை என்று தமிழ் மருத்துவம் வழங்கிற்று. அப்பெயர் நோயின் நிறத்தைக் காட்டுமேயன்றி அது வந்த வழியைக் காட்டாது. கல்லீரல் அழற்சியுற்றால் பித்தத்தின் மஞ்சட்பொருள் குருதியில் தேங்கும். அதுவே கண்ணில் தோன்றுகிறது. இவ்வழற்சியை உண்டாக்கும் வைரஸ் கிருமிகளுள் தலைமையானவை ஏ, பி, சி, டி, ஈ என ஐந்தாகும். ஐந்தும் கல்லீரலையே தாக்குவன. எனினும் ஒருவரிடமிருந்து மற்றவரை அடையும் வழியால் வேறுபடுவன. கிருமிகளைக் காண்பதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்வழிகளை அறிஞர்கள் ஆய்ந்து கண்ட வரலாறு அறியத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர் பலர், பித்தநாளம் சளியால் அடைபடுவதே காமாலைக்குக் காரணம் எனக் கருதினர். இக்கொள்கையை ஐயுறச் செய்த நிகழ்ச்சி 1883-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரேமன் நகரில் தொடங்கிற்று. அங்கே கப்பல் கட்டும் துறையைச் சேர்ந்த 1,289 பேருக்கு, மனிதர் உடலிலிருந்து எடுத்த அம்மைப்பாலைக் கொண்டு பெரியம்மைத் தடுப்புக் குத்தப்பட்டது. பின் வந்த திங்கள்களில் அவர்களுள் 191 பேர் காமாலையுற்றனர். லூர்மன் என்னும் மருத்துவர் இதனை ஆராய்ந்தார். வேறு அம்மைப்பால் குத்திக்கொண்டவர்க்கு நோயில்லை. பின்னர் வேலைக்கு வந்து, குத்திக்கொள்ளாதிருந்தவர்க்கும் நோயில்லை. ஆதலின் அம்மைப்பாலே நோயைக் கொண்டுவந்தது என்று 1885-இல் அவர் எழுதினார்.

அவர் கண்ட உண்மை எத்துணைப் பெரிது என்பதை இரண்டாம் உலகப் போர் காட்டிற்று. 1942-இல் அமெரிக்கப் படைவீரர்க்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது. மருந்து கெடாதிருக்க அதில் மனிதக் குருதிநீர் சேர்க்கப்பட்டிருந்தது. அக்குருதிநீரில் கிருமி மறைந்திருந்தமையால், ஏறத்தாழ 50,000 பேர் காமாலையுற்று மருத்துவமனை புகுந்தனர். ஒரு நோயைத் தடுக்கப் போட்ட ஊசி மற்றொரு நோயைத் தந்தது. இத்தகைய பட்டறிவுகளின் பயனாக, 1947-இல் ஆங்கிலேய அறிஞர் மெக்காலம் இருவேறு பெயர்களை முன்மொழிந்தார். மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுவது ஏ வகை எனப்பட்டது. குருதியால் பரவுவது பி வகை எனப்பட்டது.

நீர்வழியின் கொடுமையைத் தில்லி மாநகர் கண்டது. 1955-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெள்ளத்திற்குப் பின் யமுனையின் ஓட்டம் மாறியது. நஜப்கர் வாய்க்காலின் கழிவுநீர், வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது. நீர்நிலையப் பணியாளர் குளோரினை மிகுதியாகக் கலந்தனர். அதனால் டைபாய்டு முதலிய நோய்கள் பெருகவில்லை. ஆனால் சில கிழமைகள் சென்றபின் காமாலை எழுந்தது. ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் நிறமுற்றனர். கருவுற்ற பெண்டிர் பிறரினும் மிகுதியாக மாண்டனர்.

நீரால் வந்த நோய் ஆதலின் அது ஏ வகையே என்று பலர் கொண்டனர். ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. அக்கால இந்தியாவில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே ஏ வகைக்கு ஆளாகி, பின் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுவர். அங்ஙனமாயின் வளர்ந்தோர் பல்லாயிரவர் நோயுற்றது எவ்வாறு? ஏ வகைக் கிருமியை 1973-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டபின் விடைக்கு வழி பிறந்தது. தில்லி நோயாளரின் குருதிநீர் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தது. அதனைச் சோதித்து, நோய் ஏ வகையன்று என 1980-இல் அறிவித்தனர். 1978-இல் காஷ்மீரில் எழுந்த கொள்ளைநோயை ஆய்ந்த மருத்துவர் குரூவும் அதே முடிவுக்கு வந்தார். ரஷ்ய அறிஞர் பாலாயன் நோயாளரின் மலச்சாற்றைத் தாமே உட்கொண்டு நோயுற்றார்; தம் மலத்தில் புதிய கிருமியைக் கண்டு 1983-இல் வெளியிட்டார். அதுவே ஈ வகை. கருவுற்றோரைக் கடுமையாகத் தாக்குதல் இவ்வகையின் இயல்பு என்பதும் தெளிவாயிற்று.

குருதிவழி ஆராய்ச்சியும் இதே காலத்தில் வளர்ந்தது. அமெரிக்க அறிஞர் புளும்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் கண்ட பொருள் பி வகையின் அடையாளம் எனப் பின்னர் அறியப்பட்டது; அவர்க்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1977-இல் இத்தாலியில் ரிசெட்டோ கண்ட டி வகை, பி வகை இருக்கும் உடலில் மட்டுமே பெருகுவது. தானக் குருதியில் பி வகையைச் சோதித்து நீக்கியபின்னரும் சிலர்க்குக் காமாலை வந்தமையால் தேடல் தொடர்ந்தது. 1989-இல் சி வகை அறியப்பட்டது. பி வகை குருதியாலும், உடலுறவாலும், மகப்பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். சி வகை பெரும்பாலும் குருதியாலேயே பரவும்.

இவ்வறிவு மலேசிய, சிங்கப்பூர் மக்களையும் காத்தது. 1983-இல் சிங்கப்பூரில் ஏ வகை பரவியபோது, அரைவேக்காட்டில் உண்ட கெராங் சிப்பியே காரணம் எனக் கண்டனர். பி வகை தாய்வழி வருவதை உணர்ந்த சிங்கப்பூர், கிருமியுடைய தாய்மாரின் சேய்களுக்கு 1985-இலும், பிறக்கும் எல்லாச் சேய்களுக்கும் 1987-இலும் தடுப்பூசி தொடங்கிற்று. மலேசியா 1989-இல் அதனைத் தொடங்கிற்று.

ஆயினும் பி வகைக் கிருமி உள்ளவர்க்குத் தட்டும் குவளையும் தனியே வைக்கும் வழக்கம் இன்றும் சில இல்லங்களில் உண்டு. உடனுண்பதாலும் கைகுலுக்குவதாலும் பி வகையோ சி வகையோ பரவுவதில்லை. தட்டைப் பிரிக்கும் அவ்வில்லத்திலேயே சவரக் கத்தியும் பல் தூரிகையும் பொதுவாயிருக்கக் கூடும், அஞ்சத்தக்கவை அவையே. குடிநீரைக் காய்ச்சுதலும், மலங்கழித்தபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதலும் ஏ, ஈ வகைகளைத் தடுக்கும். தூய ஊசியும், சோதித்த குருதியும், சேய்க்கு உரிய தடுப்பூசியும் பி வகையைத் தடுக்கும். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலோரைக் குணமாக்கும் மருந்து உண்டு. வழியறியாத அச்சம் நோயுற்றவரைத் தனிமைப்படுத்துமேயன்றி, நோயைத் தடுக்காது.