துப்பாக்கியும் காலவழுவும்: நாஞ்சில் நாட்டுப் போர்க்கதைகள் பற்றிய ஓர் ஆய்வு

இலக்கண நூலார் வழுவை விலக்குவர். தக்க காரணம் இருப்பின் வழுவமைதி எனத் தழுவிக்கொள்வர். தண்டியலங்காரம் குற்றங்களுள் ஒன்றாகக் காலமலைவைக் கூறும். ஆண்டுப் பேசப்படுவது பொழுதும் பருவமும் பற்றிய முரணே. எனினும், ஒரு காலத்துப் பொருளைப் பிறிதொரு காலத்தில் வைத்துக் காட்டும் பிழையையும் அதனோடு ஒப்பவைத்து எண்ணலாம். வரலாற்று வீரக்கதைகளைக் காட்டும் திரைப்படங்களில் துப்பாக்கியைப் பற்றி எழும் இப்பிழையை, நாஞ்சில் நாட்டுப் போர்களைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இந்நாட்டிற்கும் இத்தகைய திரைப்படத்திற்கும் பழந்தொடர்பு உண்டு. சி. வி. இராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மலையாளப் புதினத்தை, நாகர்கோவில் ஆர். சுந்தரராஜ் 1933-இல் ஊமைப்படமாகத் தயாரித்தார். நூலுரிமை வழக்கினால் அது முடங்கியது. கதை நிகழ்வது மார்த்தாண்டவர்மா அரசேறிய 1729-ஐச் சூழ்ந்த காலம். இத்தகைய கதையில் எவ்வகைத் துப்பாக்கி இடம்பெறலாம் என்பதே வினா.

பழங்கதையில் துப்பாக்கி தோன்றினாலே பிழை என்பார் உளர். அது பொருந்தாது. 1520-இல் நிகழ்ந்த இராய்ச்சூர் முற்றுகையிலேயே விசயநகரப் படைக்குப் போர்ச்சுகீசியத் துப்பாக்கி வீரர் துணைநின்றனர். ஆகவே, 1635-இல் இரவிக்குட்டிப் பிள்ளை வீழ்ந்த கணியாகுளம் போரைக் காட்டுவோர் துப்பாக்கியைக் காட்டுதல் வழுவன்று. ஆனால் அது எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் துப்பாக்கியாதல் வேண்டும். மழையில் திரி அணையும். இருளில் அதன் கனல் வீரனைக் காட்டிக்கொடுக்கும்.

மார்த்தாண்டவர்மா காலத்தில் திரித் துப்பாக்கியும், குதிரையில் பொருத்திய சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கியும் ஒருங்கே வழங்கின. அடித்தவுடன் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் உரிமையை ஃபோர்சைத் பெற்றது 1807-இல். கோல்ட் தம் சுழல் கைத்துப்பாக்கிக்கு உரிமை பெற்றது 1836-இல். புகையில்லா மருந்து பிறந்தது 1884-இல். ஆகலின் 1729-இன் கதையில் தலைவன் இடைவிடாது சுடுதலும், சுட்ட பின் வெண்புகை எழாமையும் காலவழுவேயாம். 1741-இல் குளச்சலில் சிறைப்பட்ட தெலனாயைப் படைப்பயிற்சி தருபவராக அப்போருக்கு முன்னரே காட்டுதலும் அத்தகையதே.

இவ்வழுக்களை அமைதியாகக் கொள்ளலாமா? உரையாடலின் மொழியைக் கொள்ளலாம். அக்காலப் பேச்சை அவ்வாறே வழங்கினால் இக்காலத்தார்க்கு விளங்காது. துப்பாக்கியை அவ்வாறு கொள்ளுதல் இயலாது. அது போரின் வெற்றி தோல்விக்குக் காரணமாய் நிற்கும் பொருள்.

1809 பிப்ரவரி 10-ஆம் நாள் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தமையை நோக்குக. கும்பினிப் படையினர் இரவில் மலையேறி வந்து அரணைப் பற்றினர். காத்து நின்றோர் கையில் விரைவாகச் சுடும் துப்பாக்கிகளைத் திரைப்படம் கொடுக்குமாயின், அவ்வீழ்ச்சிக்குக் கோழைமையோ காட்டிக்கொடுத்தலோ அன்றி வேறு காரணம் காண்போர்க்குத் தோன்றாது. பயின்ற வீரனும் நிமிடத்திற்கு ஏறத்தாழ மூன்று முறையே சுடவல்ல காலம் அது என்பது மறைந்துபோம். வேலுத்தம்பியின் பக்கம் நின்று மாய்ந்தோர்க்கு அது பெரும்பழியாய் முடியும். கலைஞர் கருதாமலே செய்யும் இப்பழியைச் சுட்டுதல் ஆய்வாளர் கடன்.

காலவழுவால் ஆய்வாளர்க்கு ஒரு பயனும் உண்டு. ‘பீரங்கி’ என்பது பரங்கியர் பெயரடியாகவும், ‘துப்பாக்கி’ என்பது துருக்கிச் சொல்லின் அடியாகவும் வந்தவை. பழைய மன்னரைப் பாடும் கதைப்பாடலில் இச்சொற்கள் பயிலுமாயின், அம்மன்னர் காலத்திற்கு அவை சான்றாகா. பாடல் இன்றைய வடிவம் பெற்ற காலத்திற்கே சான்றாம். திரைப்படத்திற்கும் இதுவே நெறி. அதில் காணும் பிழை, கதையின் காலத்தை விடுத்து, எடுத்தவர் காலத்தின் எண்ணத்தையே நமக்கு உணர்த்தும். இதனை உணர்ந்து கற்பின், பிழையும் நமக்கு ஓர் ஆவணமாகும்.