லட்ச ரூபாய் பரிசும் ஆயிரம் ரூபாய் முன்பணமும்

அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து ஆட்களுக்கு மந்திரவாதத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் பேசுவது தமிழோ மலையாளமோ, ஓதிக் கட்டிய சரடு, மை போட்டுப் பார்ப்பது, செய்வினை எடுப்பது எல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். அதே பழைய திருவிதாங்கூரிலிருந்து கடல் தாண்டிப் போன ஒரு வாத்தியார், இதையெல்லாம் நிரூபித்துக் காட்டினால் லட்ச ரூபாய் தருவதாக அறிவித்துவிட்டு, சாகும்வரை காத்திருந்தார்.

அவர் ஆபிரகாம் கோவூர். 1898-ல் திருவல்லாவில் பிறந்தவர். அப்பா மார்த்தோமா சபைப் பாதிரியார். கல்கத்தாவில் படித்துவிட்டு, 1928-ல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்தான். கடைசியில் அதுவே அவர் ஊராகிவிட்டது. 1959-ல் ஓய்வு பெற்றபின் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத் தலைவராக முழுமூச்சாக இறங்கினார்.

1963-ல் வந்தது அந்த அறிவிப்பு. ஏமாற்ற வழியில்லாத சூழலில் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய். 'லட்சாதிபதி' என்ற சொல்லுக்கே தனி மரியாதை இருந்த காலம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்யவேண்டும் என்று பட்டியலே போட்டார். உறைக்குள் ஒட்டி வைத்த ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லலாம். கொப்புளம் வராமல் அரை நிமிஷம் தணலில் நிற்கலாம். தண்ணீர்மேல் நடக்கலாம். ஜோசியருக்கும் ஒரு பரீட்சை உண்டு: பத்து ஜாதகங்களைப் பார்த்து எது ஆண், எது பெண், யார் உயிரோடு இருக்கிறார், யார் இறந்துவிட்டார் என்று சொல்லவேண்டும். அதிலும் நூற்றுக்கு ஐந்து தப்பு வந்தால் பரவாயில்லை என்று சலுகை வேறு :-)

இந்த யோசனை அவருக்கு முன்பே உலகத்தில் இருந்ததுதான். 1922-ல் அமெரிக்காவின் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகை ஆவிகளோடு பேசுவோருக்குப் பரிசு அறிவித்தது. சோதித்த குழுவில் மாயவித்தைக்காரர் ஹூடினியும் இருந்தார். 1964-ல் ஜேம்ஸ் ராண்டி ஆயிரம் டாலரில் ஆரம்பித்த சவால், பிற்பாடு பத்து லட்சம் டாலராக வளர்ந்து 2015-ல் முடிந்தது. அதையும் யாரும் வெல்லவில்லை.

கோவூரின் சவாலில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த லட்ச ரூபாய் அல்ல. போட்டிக்கு வருபவர் ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டவேண்டும், தோற்றால் அது போச்சு என்ற நிபந்தனைதான். ஊராரிடம் தட்சிணை வாங்குகிறவர், தன் சக்தியை நம்பித் தன் காசு ஆயிரத்தை வைப்பாரா? 1978-ல் கோவூர் இறக்கும்வரை அந்த லட்சத்தை யாரும் வாங்கவில்லை. அதன்பின் கோவை போத்தனூரில் இருந்த பிரேமானந்த் அதே சவாலை இந்தியாவில் தொடர்ந்தார். அவரும் 2009-ல் காலமானார்.

அப்படியானால் மந்திரவாதம் ஒழிந்திருக்கவேண்டுமே? இல்லை. 2022-ல் இலந்தூரில் செல்வம் வரும் என்று நம்பி இரண்டு பெண்களை நரபலி கொடுத்தார்கள் என்ற வழக்கு கேரளத்தையே உலுக்கியது. கொல்லப்பட்டவர்களில் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். அந்த இலந்தூரும் கோவூர் பிறந்த திருவல்லாவும் இன்று ஒரே பத்தனம்திட்டா மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

காரணம் எளிது. பரிசு அறிவிப்பு வித்தை காட்டுகிறவனைப் பார்த்துப் பேசுகிறது. பிள்ளைக்குச் சுகமில்லாமல் கடன் வாங்கி மந்திரவாதி வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் தாய்க்கு அதில் பதில் இல்லை. கோவூருக்கும் இது தெரிந்துதான் இருந்தது. பேய் பிடித்ததாகச் சொல்லி வந்தவர்களை உட்காரவைத்துப் பேசி, மனவசியத்தால் குணப்படுத்த முயன்றார். அவருடைய அப்படியொரு அனுபவக் குறிப்பிலிருந்துதான் 'புனர்ஜென்மம்' மலையாளப் படமும், தமிழில் 'மறுபிறவி'யும் வந்தன.

மகாராஷ்டிரம் 2013-லும் கர்நாடகம் 2017-லும் இதற்குச் சட்டம் போட்டன. சட்டம் வேண்டியதுதான். ஆனால் குற்றம் நடந்தபின் வருவது அது. அதற்கு முன்னால், கோவூரின் நிபந்தனையை நம் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம். பணம் கேட்பவரிடம் ஒரே கேள்வி: எத்தனை நாளில் என்ன நடக்கும், நடக்காவிட்டால் காசு திரும்ப வருமா?

ஊரில் இருக்கும் அம்மாவிடமும் அக்காவிடமும் அடுத்தமுறை போனில் பேசும்போது, இதைச் சொல்லிவையுங்கள்.