பருமனும் பகுதிறனும்: ராமானுஜனின் 13 இலக்க எண்ணை முன்வைத்து

ஒரு பேரெண்ணின் இயல்பை அதன் பருமன் தீர்மானிப்பதில்லை. எந்தப் பகா எண்கள், எந்த அடுக்குகளில் அதற்குள் அமைந்துள்ளன என்பதே தீர்மானிக்கிறது. இதற்கு இரு சான்றுகளை இக்கட்டுரை முன்வைக்கிறது: சீனிவாச ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்ட உயர் பகு எண் ஆய்வு ஒன்று, படப்பை, ஒரகடம் பக்கத்துப் பட்டறைகள் அறிந்த கியர் வெட்டும் கணக்கு மற்றொன்று.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விடக் கூடுதலான வகுத்திகள் உடையது உயர் பகு எண். 12 அத்தகையது, அதற்கு 6 வகுத்திகள். ராமானுஜனின் அட்டவணை 67,46,32,83,88,800-இல் முடிகிறது. இதன் காரணிகள் 2⁶·3⁴·5²·7²·11·13·17·19·23. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 10,080 வகுத்திகள். எந்த உயர் பகு எண்ணிலும் பகா எண் பெரிதாகும்போது அடுக்கு ஏறுவதே இல்லை. 4, 36 நீங்கலாகக் கடைசி அடுக்கு எப்போதும் 1 என்பதையும் அவர் நிறுவினார். அட்டவணையின் கடைசி எண்ணோடு 1-ஐக் கூட்டினால் பருமன் மாறியதாகவே தெரியாது. ஆனால் மேற்கண்ட ஒன்பது பகா எண்களில் ஒன்றுகூடப் புதிய எண்ணை வகுக்காது.

அச்சான அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுள்ளது: 2,93,31,86,25,600. முந்தைய உயர் பகு எண்ணுக்கு 4,608 வகுத்திகள், அடுத்ததற்கு 5,376. இடையில் வரும் இதற்கு 5,040. இதை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே கிடைக்கிறது. இந்த விடுபாட்டால் தேற்றங்களுக்குக் குறையில்லை. அவை பட்டியலைச் சார்ந்தவை அல்ல. அடுக்குகளின் ஒழுங்கைச் சார்ந்தவை.

மில்லிங் மெஷினில் கியர் வெட்டும்போதும் இதே நியதிதான். வேலைத்துண்டைச் சம பாகங்களாகத் திருப்ப உதவும் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 முறை சுற்றினால் வேலைத்துண்டு ஒரு சுற்று சுற்றும். எனவே ஒரு பல்லுக்கு 40-ஐப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்த அளவு சுற்ற வேண்டும். 54 பல்லுக்கு அது 20/27. 27 துளை வட்டத்தில் 20 துளை நகர்த்தினால் போதும். 53 பகா எண், 40/53 சுருங்காது. பிரவுன் அண்ட் ஷார்ப் முறைப் பிளேட்டுகளில் 49-க்கு மேல் துளை வட்டம் இல்லாததால், துணைக் கியர்களால் பிளேட்டையும் சேர்த்துச் சுழற்றும் டிஃபரென்ஷியல் இன்டெக்ஸிங்குக்குப் போக வேண்டும். பெரிய எண் எளிதாகிறது; சிறியது சிக்கலாகிறது.

அப்படியானால் பகுதிறன், அதாவது பல எண்களால் மீதியின்றி வகுபடும் தன்மை, மிகுவதே சிறப்பு என்று சொல்லிவிடலாமா? கூடாது. 20 பல் கியர் 40 பல் கியரோடு ஓடினால், சிறியதன் ஒவ்வொரு பல்லும் எதிர்க்கியரின் அதே இரு பற்களையே மாறி மாறிச் சந்திக்கும். ஒரு பல்லின் குறை அந்தப் பற்களையே தேய்க்கும். 40-க்குப் பதில் 41 வைத்தால் இரண்டும் சார்பகா எண்கள், அதாவது 1 தவிரப் பொதுக் காரணி இல்லாதவை. ஒவ்வொரு பல்லும் 41 பற்களையும் சந்திப்பதால் தேய்மானம் பரவும். வெட்டுபவருக்கு 40-உடன் பொதுக் காரணி வேண்டும், ஓடும் கியருக்கு எதிர்க்கியருடன் அது வேண்டாம். இரு தரப்புமே எண்ணிடம் கேட்பது காரணிகளைப் பற்றித்தான். ஆகவே பேரெண்களை இலக்க நீளத்தால் வியப்பதை விட்டு, காரணி அமைப்பால் வகைப்படுத்துவதே தகும்.